சமர்ப்பணப் பக்கம்

காலையில் புத்தகத்தைத் திறந்தேன். சமர்ப்பணப் பக்கத்தைத் தாண்டவே முடியவில்லை.

அமெரிக்க எழுத்தாளர் எட்வர்ட் பி. ஜோன்ஸின் நாவல் 'தி நோன் வேர்ல்ட்'. இதைவிட நல்ல உலகம் வாய்த்திருந்தால் இன்னும் எவ்வளவோ செய்திருக்கக்கூடிய தன் அம்மாவுக்கு என்று எழுதியிருக்கிறார்.

அந்த அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. வாஷிங்டனில் பாத்திரம் கழுவிப் பிள்ளைகளை வளர்த்தவர். மகனுக்கு 18 வயது ஆவதற்குள் 18 வீடு மாறியிருக்கிறார்கள்.

பதினெட்டு! ஒவ்வொரு முறையும் மூட்டை கட்டியது யார் கை?

ஜோன்ஸ் வரி விவகாரங்களுக்கான ஒரு பத்திரிகையில் ஏறத்தாழ 19 வருடம் வேலை பார்த்தார். முதல் சிறுகதைத் தொகுப்பு 1992இல். அடுத்த புத்தகம் இந்த நாவல், 2003இல்தான்.

அடிமைகளை வைத்திருந்த ஒரு கறுப்பினப் பண்ணையாரின் கதை. பத்து வருடம் அதை மனசுக்குள்ளேயே கட்டிக்கொண்டிருந்தார். தாளில் ஏறியது சில பக்கங்கள்தான். பிறகு சில மாதங்களில் மளமளவென்று எழுதி முடித்தார். 2004இல் புலிட்சர் பரிசு.

தாளே இல்லாமல் ஒரு கதையை வருடக்கணக்கில் மனசில் வைத்துக் காப்பது எழுத்தறியாதவர்களின் வழியல்லவா? அது அம்மாவிடமிருந்துதான் வந்திருக்கும் என்று எனக்குப் படுகிறது.

நாவல் வந்தபோது அவர் இல்லை.

அச்சில் இருந்த அவர் பெயர்மேல் கொஞ்ச நேரம் விரலை வைத்திருந்தேன்.