ஓரியூர் செம்மண்ணும் தொலைந்த செருப்பும்

நடக்க வேண்டியது என் கால், நேர்ந்துகொண்டது அம்மா. நான் மறுபடி குருவானவரிடம் பாவங்களைச் சொல்லி, அதாவது பாவசங்கீர்த்தனம் செய்து, திருப்பலியில் நன்மை (நற்கருணை) வாங்கினால், ஓரியூருக்குக் கூட்டி வந்து வெறுங்காலோடு நடக்க வைக்கிறேன் என்று அங்கே உயிர்விட்ட புனிதர் அருளானந்தரிடம் சொல்லி வைத்திருந்தாராம். பதினோரு வருடப் பாக்கி அது. அப்பா இறந்த வருடம் நான் கோவிலுக்குப் போவதை நிறுத்தினேன். ஆண்டவரோடு சண்டை என்றெல்லாம் சொல்ல முடியாது. பேச்சை நிறுத்திக்கொண்டேன், அவ்வளவுதான்.

ஈஸ்டருக்கு முந்தைய இந்தத் தவக்காலம் ஆரம்பித்ததும் அம்மா கணக்கை மாற்றிப் போட்டார். "எனக்கு எழுபத்தி நாலு ஆச்சுய்யா. நேர்ச்சைய முன்னாடியே கட்டிருவோம். மத்தத அவரு பாத்துக்குவாரு." சரி, வருகிறேன், ஆனால் செருப்பைக் கழற்ற மாட்டேன் என்றேன். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

புதன்கிழமைதான் போக வேண்டும் என்பதில் மட்டும் பிடிவாதம். 1693 பிப்ரவரி 4 அன்று அருளானந்தரை அங்கே வெட்டிக் கொன்றபோது அது தவக்காலம் தொடங்கும் திருநீற்றுப் புதன். மதுரையிலிருந்து காளையார்கோவில், திருவாடானை வழியாகப் பயணம். கருவேல மரமும் வெயிலும் தவிர வழியில் பார்க்க ஒன்றுமில்லை. காரை வெகு தொலைவிலேயே நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். வண்டிக்கு டோக்கன் போட்டவர் ஒரு தடவையும், அவருடைய ஆள் என்று சொல்லிக்கொண்டு வந்தவர் இன்னொரு தடவையும் காசு வாங்கினார்கள். மெழுகுதிரி விற்கிறவர்களோ கையைப் பிடித்து இழுக்காத குறை. அம்மாவின் முழங்கால் வலியைப் பார்த்துக்கூட ஒருவரும் வழி விடவில்லை. தவக்காலத்தில் கோபப்படக் கூடாதுதான். பட்டேன்.

அவர் ரத்தம் பட்டுச் சிவந்ததாக நம்பும் செம்மண் இருக்கும் இடத்துக்கு வந்ததும் அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டு மெல்லக் குனிந்தார். ஒரு சிட்டிகை மண் எடுத்து, சின்ன வயதில் பள்ளிக்கு அனுப்பும்போது செய்வதுபோல என் நெற்றியில் சிலுவை வரைந்தார். "இவருக்கும் அவங்கம்மாதான் நேர்ந்துக்கிட்டாக, தெரியுமா?" என்றார். தெரியும், ஆனால் மறந்திருந்தேன். லிஸ்பனில் சிறுவனாக அவர் சாகக் கிடந்தபோது, அந்தத் தாய் புனித சவேரியாரிடம் வேண்டிக்கொண்டார். பிழைத்தால் ஒரு வருடம் சவேரியாரின் சேசு சபைத் துறவிகள் போடும் அங்கி போட்டு வளர்க்கிறேன் என்று நேர்ச்சை. பிள்ளை பிழைத்தான். ஒரு வருடத்துக்கு என்று மாட்டிய அங்கி, கடைசியில் இங்கே துறவியாக அவர் உடுத்திய காவி உடையாகி இந்த மண்ணில்தான் விழுந்தது. 1688-இல் போர்த்துக்கல் போனவரை அரசரே அங்கேயே இருக்கச் சொன்னார். சின்ன வயதில் அரண்மனையில் ஒன்றாக வளர்ந்தவர்கள். இருந்திருக்கலாம். 1690-இல் திரும்பி வந்தார், இந்த வெயிலுக்கு.

அதை நினைத்துக்கொண்டே நின்றவன் எப்படி அந்த வரிசைக்குப் போனேன் என்று தெரியவில்லை. பாவசங்கீர்த்தன வரிசை. செருப்பை வெளியே விட்டிருந்தேன். எனக்கு முன்னால் ஆறேழு பேர். இரண்டு தடவை திரும்பிவிடலாம் என்று பார்த்தேன். இரண்டு தடவையும் அம்மா தூரத்தில் உட்கார்ந்து செபமாலை உருட்டிக்கொண்டு, என்னைப் பார்க்காததுபோல இருந்தார்.

முழந்தாளிட்டதும், "பதினோரு வருஷம் ஆச்சு சாமி" என்றேன். அதற்கு மேல் குரல் வரவில்லை. எழுதி மனப்பாடம் செய்தவன்போல வரிசையாகச் சொல்ல நினைத்ததெல்லாம் போய், அப்பா மருத்துவமனையில் கிடந்த கடைசி இரவு நான் போனை அணைத்துவிட்டுத் தூங்கியதைத்தான் சொன்னேன். அது யாருக்கும் தெரியாது. அம்மாவுக்கும் தெரியாது. நான் பேச்சை நிறுத்தியது ஆண்டவரிடம் இல்லை, அப்பாவிடம் என்று சொல்லும்போதுதான் எனக்கே புரிந்தது. குருவானவர் அவசரப்படுத்தவில்லை. மனத்துயர் செபம் சொல்லுங்கள் என்றார். பாதியில் மறந்து போனது. நற்கருணை வகுப்புப் பிள்ளைக்குச் சொல்லித் தருவதுபோல அவர் ஒவ்வொரு வரியாக எடுத்துக் கொடுத்தார், நான் திருப்பிச் சொன்னேன். பதினோரு வருடத்துக்கு எவ்வளவு பெரிய தண்டனை வருமோ என்று காத்திருந்தால், மூன்று தடவை 'அருள் நிறைந்த மரியே' செபம். "உங்க அப்பாவுக்காகச் சொல்லுங்க. சமாதானமா போங்க." மூன்றே மூன்று! நாற்பத்திரண்டு வயது ஆள், வெளியே வந்து தூணில் சாய்ந்து தேம்பித் தேம்பி அழுதேன். யார் பார்த்தால் என்ன?

திருப்பலியில் அம்மாவுக்குப் பின்னால் நின்று நன்மை வாங்கினேன். அதைப் பற்றி எழுத வரவில்லை. அருளானந்தரே, ஐயா, நன்றி. கையில் இருப்பது இந்த ஒரு வார்த்தைதான்.

வெளியே வந்தால் செருப்பைக் காணோம். போன மாதம் வாங்கியது. சுற்றிச் சுற்றித் தேடியும் கிடைக்கவில்லை. மதியம் ஒரு மணி, கார் நிற்கிற இடம்வரை மண் கொதிக்கிறது. நான் குதித்துக் குதித்து நடக்க, ஒரு கையில் செம்மண் பொட்டலத்தோடு என் தோளைப் பிடித்தபடி வந்த அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்.

"நான் அவருகிட்ட ஒண்ணுமே சொல்லலய்யா."