ஒரே சமையல், இரண்டு அறிக்கைகள்

மாவுச்சத்தைக் குறைத்து உண்ண நான் தீர்மானித்தபோது, சர்க்கரை நோய்க்குக் கிளிமிபிரைடு மாத்திரை எடுத்துவந்தேன். வயிற்றுப் பருமனும் முழங்கால் வலியும் உடனிருந்தன. துணைக்குச் சேர்ந்துகொண்ட அக்காவோ மெலிந்தவர், சர்க்கரை இல்லாதவர். காலையில் விரல் மூட்டுகள் விறைத்துக்கொள்வது ஒன்றுதான் அவருடைய தொல்லை.

சோற்றையும் இட்லியையும் குறைத்துவிட்டுப் பழைய அளவிலேயே கிளிமிபிரைடு எடுத்தால் சர்க்கரை அபாயகரமாகத் தாழக்கூடும் என்பதால், மருத்துவர் முதலில் என் மாத்திரையின் அளவைப் பாதியாக்கினார். பிறகு இருவருக்கும் கொழுப்புப் பரிசோதனையையும், அழற்சியின் அளவைக் காட்டும் ஹெச்.எஸ்.சி.ஆர்.பி. பரிசோதனையையும் எழுதித் தந்தார். அதில் அளக்கப்படும், கல்லீரலில் உருவாகும் சி.ஆர்.பி. என்ற புரதம் லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குக் கீழிருந்தால் இதய நோய் அபாயம் குறைவு என்றும், 3ஐத் தாண்டினால் அதிகம் என்றும் கொள்கிறார்கள். சாதாரணச் சளிக்காய்ச்சலிலும் அது ஏறிவிடும். அப்போது சளி பிடித்திருந்த அக்காவை, அது முழுதாகத் தணிந்தபின் இரத்தம் கொடுக்கச் சொன்னார்.

முட்டை, மீன், கீரை, சுரைக்காய்க் கூட்டு, தாராளமாகத் தேங்காய் என்று இருவருக்கும் ஒரே சமையல். தொடக்கத்துத் தலைவலியும் சோர்வும்கூட ஒன்றுபோலவே வந்து போயின.

அடுத்த அறிக்கைகள்தான் ஒத்துப்போகவில்லை. என் எடையும், டிரைகிளிசரைடு என்ற இரத்தக் கொழுப்பும் இறங்கியிருந்தன. 3க்கு மேலிருந்த சி.ஆர்.பி. 2க்குக் கீழ் வந்திருந்தது. அக்காவின் சி.ஆர்.பி. முன்பும் பின்பும் 1க்குள்ளேயே இருக்க, கெட்ட கொழுப்பு எனப்படும் எல்.டி.எல். மட்டும் 118இலிருந்து 190ஐத் தாண்டியிருந்தது. விரல்களில் மாற்றமே இல்லை.

வயிற்றுக் கொழுப்பு இன்டர்லியூக்கின்-6 போன்ற, அழற்சியைத் தூண்டும் பொருள்களைச் சுரந்து, சி.ஆர்.பி.யை உருவாக்கும்படி கல்லீரலைத் தூண்டுகிறது என்றும், எனக்கு அந்தக் கொழுப்பு கரைந்ததால், பயன் அரிசியைக் குறைத்ததால் வந்ததா எடை இறங்கியதால் வந்ததா என்று பிரித்துக் கூற இயலாது என்றும் மருத்துவர் விளக்கினார். அக்காவிடம் கரைவதற்கு அப்படி எதுவும் இல்லை. மாவுச்சத்தை மிகவும் குறைக்கும் மெலிந்தவர்கள் சிலருக்கு எல்.டி.எல். இவ்வாறு ஏறுவது மருத்துவ உலகம் அறிந்ததே.

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டோபர் கார்ட்னர் குழுவினர் 609 பேரை ஓராண்டு கவனித்து 2018இல் வெளியிட்ட ஆய்வை அதன்பின் தேடிப் படித்தேன். மாவுச்சத்தைக் குறைத்தவர்கள் சராசரியாக 6 கிலோவும், கொழுப்பைக் குறைத்தவர்கள் 5.3 கிலோவும் இழந்தார்கள். ஆனால் இரு பிரிவிலுமே ஏறத்தாழ 30 கிலோ இழந்தவர்களும் 10 கிலோ வரை கூடியவர்களும் இருந்தார்கள். யாருக்கு எது பலிக்கும் என்பதை, அவர்கள் சோதித்த மரபணு வகைகளோ இன்சுலின் சுரப்போ முன்கூட்டிக் காட்டவில்லை. இதைப் படித்தபின், தமக்கு ஒத்துக்கொண்டதை ஊருக்கே பரிந்துரைக்கும் வாட்ஸ்அப் வைத்தியர்களிடம் எனக்கிருந்த கொஞ்சநஞ்சப் பொறுமையும் போய்விட்டது.

நான் அதே உணவைத் தொடர்கிறேன். அக்கா தேங்காயையும் நெய்யையும் குறைத்து, பருப்பையும் கம்பையும் சுண்டலையும் மீண்டும் சேர்த்துக்கொண்டார், எல்.டி.எல். 130க்கு அருகில் இறங்கிவிட்டது. சி.ஆர்.பி. இயல்பாக இருப்பவர்களுக்கும் முடக்குவாதம் இருக்கலாம் என்பதால், விரல் விறைப்புக்காக அவர் இப்போது மூட்டு நோய்ச் சிறப்பு மருத்துவரைப் பார்க்கிறார், முடக்குவாதத்தைக் கண்டறிய உதவும் ஆன்டி-சி.சி.பி. பரிசோதனைக்கு இரத்தம் கொடுத்திருக்கிறார்.