பூக்கடை ஆர்டர் நோட்டை ஜாவாவில் எழுதிப் பார்த்தது

பினாங்கு ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவில் அத்தைக்குப் பூக்கடை. கல்யாண மாலை, கோயில் மாலை, வீட்டு விசேஷம் என்று வரும் ஆர்டரெல்லாம் ஒரு நீள நோட்டில் ஏறும்: பெயர், தேதி, என்ன பூ, எத்தனை வெள்ளி (ரிங்கிட்), எவ்வளவு முன்பணம். தைப்பூசம் நெருங்கினால் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகிறவர்களின் ஆர்டர் குவியும். அந்த நேரத்தில் பழைய பக்கங்களைப் புரட்டித் தேடுவது பெரும் பாடு. வேலை முடிந்து வந்து ஜாவா என்ற நிரல் மொழியைப் படித்துக்கொண்டிருக்கும் எனக்கு, கோப்பில் எழுதுவது படிப்பது பற்றிய பாடம் வந்ததும் இந்த நோட்டுதான் ஞாபகத்துக்கு வந்தது. அத்தை கேட்டுக்கொண்டது ஒன்றே ஒன்று: "எழுதுனது காணாமப் போகக்கூடாது தம்பி." இதுவரை செலவான நேரத்தில் பெரும்பகுதி அந்த ஒரு வரிக்குத்தான் போயிருக்கிறது.

கோப்பை உருவாக்கு, எழுது, படி, அழி. பாடத்தில் உள்ளபடி செய்தால் இந்த நான்கும் சீக்கிரம் முடிந்துவிடும். முதலில் 'ஃபைல்' என்ற கிளாஸ். கிளாஸ் என்பது அச்சு மாதிரி, அதிலிருந்து வார்த்தெடுப்பது ஆப்ஜெக்ட். நியூ போட்டு ஒரு ஃபைல் ஆப்ஜெக்டை உருவாக்கினால் வட்டில் எதுவும் உருவாகாது. அந்த ஆப்ஜெக்டில் இருப்பது வெறும் விலாசம். அந்த விலாசத்தில் கோப்பு இருக்கலாம், இல்லாமலும் போகலாம். 'கிரியேட்நியூஃபைல்' என்ற மெத்தடை, அதாவது ஆப்ஜெக்டிடம் சொல்லும் வேலையை, கூப்பிட்டால்தான் கோப்பு வரும். ஏற்கெனவே இருந்தால் அது ஃபால்ஸ் (இல்லை) என்று திருப்பித் தரும். இது புரிந்துவிட்டால் மற்றவை தெளிவாகிவிடும்.

அடுத்தது எழுதுவது. 'ஃபைல்ரைட்டர்' வைத்து ஓர் ஆர்டரை எழுதினேன், கோப்பில் வந்தது. நிரலை மறுபடி ஓட்டி இன்னோர் ஆர்டரை எழுதினால் பழையது இல்லை. ஃபைல்ரைட்டரின் இயல்பே அதுதான்: திறக்கும்போதே கோப்பைக் காலி செய்துவிட்டுத்தான் எழுத ஆரம்பிக்கும். பழையதன் கீழே சேர்க்க வேண்டுமென்றால் இரண்டாவது மதிப்பாக ட்ரூ (ஆம்) கொடுக்க வேண்டும். ஆர்டர் நோட்டு போன்ற வேலைக்கு இந்த இயல்பு ஆபத்தானது என்றே நினைக்கிறேன். ஒரு சொல் விடுபட்டால் ஒரு வருஷத்துக் கணக்கு போய்விடும்.

அப்புறம் பஃபர். 'பஃபர்டுரைட்டர்' நாம் எழுதுவதை உடனே வட்டுக்கு அனுப்பாது. முதலில் நினைவகத்தில் சேர்த்து வைக்கும். ஜாவாவில் அதன் வழக்கமான கொள்ளளவு 8192 எழுத்துக்குறிகள். இதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று சில ஆர்டர்களை எழுதவைத்து, கோப்பை மூடும் 'குளோஸ்' மெத்தடைக் கூப்பிடுவதற்கு முன்பே நிரலை வலுக்கட்டாயமாக நிறுத்தினேன். கோப்பின் அளவு 0 பைட். ஆர்டர்கள் அவ்வளவும் நினைவகத்தோடு போய்விட்டன.

இதற்காகத்தான் 2011இல் வந்த ஜாவா 7, ட்ரை என்ற சொல்லுக்குப் பக்கத்திலேயே அடைப்புக்குறிக்குள் கோப்பைத் திறக்கும் வசதியைக் கொடுத்தது. 'ஆட்டோகுளோசபிள்' என்ற இன்டர்ஃபேஸை, அதாவது 'என்னை மூட முடியும்' என்ற ஒப்பந்தத்தை, ஏற்ற எந்த ஆப்ஜெக்டையும் அங்கே திறக்கலாம். நடுவில் எக்ஸெப்ஷன் (ஓடும்போது வரும் பிழை) எழுந்தாலும் அது தானாக மூடப்படும். இப்போது ஒவ்வோர் ஆர்டருக்கும் கோப்பைத் திறந்து, ஒரு வரி எழுதி, உடனே மூடிவிடுகிறேன். ஆனால் மூடினாலும் இன்னொரு படி இருக்கிறது: எழுதியது இயங்குதளத்தின் கைக்குப் போயிருக்கும், வட்டைத் தொட்டிருக்கும் என்று சொல்ல முடியாது. அந்த நொடியில் கரண்ட் போனால் என்ன ஆவது? அதற்கு 'சிங்க்' என்ற திறப்பு விருப்பம் இருக்கிறது. அதைச் சேர்த்தால் தரவு வட்டுக்குப் போன பிறகுதான் நிரல் அடுத்த வரிக்கு நகரும். வேகம் குறையும் என்பார்கள். கடையில் ஓர் ஆர்டருக்கும் அடுத்த ஆர்டருக்கும் இடையில் மாலையே கட்டி முடித்துவிடலாம், வேகம் ஒரு பொருட்டே இல்லை.

தமிழ் எழுத்துக்குத்தான் ரொம்ப நேரம் உட்கார வேண்டியிருந்தது. வீட்டுக் கணினியில் ஜாவா 21. கடை மடிக்கணினியில் ஜாவா 8. அங்குள்ள வேறொரு பழைய மென்பொருள் அதை நம்பி ஓடுவதால் மாற்ற வழியில்லை. வீட்டில் ஃபைல்ரைட்டர் 'மல்லிகை' என்று ஒழுங்காக எழுதியது. கடையில் அதே நிரல் ஏழு கேள்விக்குறிகளை எழுதியது. ஜாவா 18க்கு முன்னால், ஃபைல்ரைட்டருக்கு எழுத்துக் குறியீட்டை (எழுத்தை பைட்டுகளாக மாற்றும் முறையை) சொல்லாவிட்டால் இயங்குதளத்தில் இருப்பதை எடுத்துக்கொள்ளும். கடையின் விண்டோஸ் ஆங்கில அமைப்பில் இருக்கிறது. அந்தக் குறியீட்டில் தமிழுக்கு இடமே கிடையாது. இடமில்லாத ஒவ்வொன்றுக்கும் ஒரு கேள்விக்குறி விழுந்துவிடும். எந்தப் பிழைச் செய்தியும் வராது என்பதுதான் இதில் கொடுமை. வட்டில் இருப்பது நிஜமாகவே கேள்விக்குறி, அதிலிருந்து மல்லிகையைத் திரும்ப எடுக்க முடியாது. 2022இல் வந்த ஜாவா 18இலிருந்து, தமிழுக்கும் இடமுள்ள யூடிஎஃப்-8 என்ற குறியீடு இயல்பாகிவிட்டது. அதற்கு முந்தைய ஜாவாவில் தமிழ் எழுதுகிறவர்கள் குறியீட்டைக் கட்டாயம் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும்.

ஏன் ஏழு? நம் கண்ணுக்கு ம, ல், லி, கை என்று நான்கு எழுத்து. எல்லா மொழி எழுத்துக்கும் எண் கொடுக்கும் யூனிகோடில் புள்ளியும் இகரக் குறியும் ஐகாரக் கொம்பும் தனித்தனிக் குறிகள், ஆக ஏழு. ஜாவாவில் 'லெங்த்' (நீளம்) கேட்டாலும் 7 என்றே சொல்லும். யூடிஎஃப்-8இல் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட் பிடிக்கும், அதனால் அந்த ஒரு சொல் மட்டும் உள்ள கோப்பின் அளவு சரியாக 21 பைட். எழுதியது முழுசாகப் போய்ச் சேர்ந்ததா என்று பார்க்க இந்தக் கணக்கு நல்ல கைப்பிடி. கோப்பின் அளவைக் கேட்டு ஒப்பிட்டால் போதும்.

முதலில் வாடிக்கையாளர் பெயரிலேயே ஆளுக்கொரு கோப்பு வைப்பதாகத்தான் திட்டம். மலேசியாவில் நம்மவர் பெயர் அடையாள அட்டையில் 'முருகன் ஏ/எல் கந்தன்' என்ற மாதிரி இருக்கும்: ஏ/எல் என்றால் இன்னாரின் மகன், பெண்களுக்கு ஏ/பி. அத்தையும் நோட்டில் அப்படியேதான் எழுதுவார். ஆனால் அந்தச் சாய்கோடு கோப்புப் பாதையில் ஃபோல்டரைப் பிரிக்கும் குறி. விண்டோஸிலும் ஜாவா அதை அப்படித்தான் எடுத்துக்கொள்கிறது. 'முருகன் ஏ' என்ற ஃபோல்டருக்குள் 'எல் கந்தன்' என்ற கோப்பைத் தேடிப்போய், ஃபோல்டர் இல்லையென்று 'நோசச்ஃபைல்எக்ஸெப்ஷன்' எழுப்பியது. ஃபோல்டர் இல்லாவிட்டால் உருவாக்கு என்று எழுதியிருந்தால் இன்னும் மோசம்: சத்தமில்லாமல் ஆளுக்கொரு ஃபோல்டர் முளைத்திருக்கும். சாய்கோட்டை எடுத்துவிட்டு அடிக்கோடு போடலாம்தான். எனக்கு மனம் வரவில்லை. அது அவருடைய பெயர், அப்பா பெயரோடு சேர்ந்தது. பெயர் கோப்புக்கு உள்ளே முழுதாக இருக்கட்டும், கோப்புக்கு வெளியே ஆண்டு மட்டும் போதும் என்று முடிவு செய்தேன். வருஷத்துக்கு ஒரு கோப்பு, வரிக்கு ஓர் ஆர்டர். இடையில் பிரிக்கக் கமா வைக்கவில்லை. 'வெள்ளை, மஞ்சள் சாமந்தி' என்று எழுதினாலே வரி உடைந்துவிடும். டேப் வைத்தேன்.

இத்தனையும் 'ஆர்டர்நோட்டு' என்ற ஒரே கிளாஸுக்குள் இருக்கிறது. கோப்பு எங்கே இருக்கிறது, எந்தக் குறியீடு, எப்படித் திறப்பது என்பதெல்லாம் அதற்கு மட்டும் தெரியும். திரைப் பக்கம் 'சேர்', 'தேடு', 'ரத்துசெய்' என்று மட்டும் கேட்கும். இதன் அருமை, ஃபைல்ரைட்டரை விட்டுவிட்டு 'ஃபைல்ஸ்' கிளாஸின் (முன்பு சொன்ன 'ஃபைல்' வேறு) 'நியூபஃபர்டுரைட்டர்' மெத்தடுக்கு மாறியபோது தெரிந்தது. அந்த மெத்தட் ஜாவா 8இலேயே குறியீடு சொல்லாவிட்டாலும் யூடிஎஃப்-8ஐத்தான் எடுத்துக்கொள்ளும். கிளாஸுக்கு உள்ளே சில வரிகள் மாறின, வெளியே ஒரு வரிகூட மாறவில்லை.

படிப்பதில் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. எல்லா வரிகளையும் மொத்தமாக லிஸ்டில் வாங்கினாலும், ஒவ்வொரு வரியாகப் படித்தாலும் இந்த அளவுக்கு ஒன்றுதான். ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும்: பழைய நோட்பேடில் யூடிஎஃப்-8ஆகச் சேமித்த கோப்பின் தொடக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒரு குறி இருக்கும். ஜாவா அதை நீக்காது, அதனால் முதல் வரியின் பெயரைத் தேடினால் கிடைக்காது. படித்ததும் அது இருக்கிறதா என்று பார்த்து வெட்டிவிடுகிறேன்.

அழிப்பது பற்றி. பழைய ஃபைல் கிளாஸின் 'டெலீட்' முடியாவிட்டால் ஃபால்ஸ் மட்டும் தரும், காரணம் சொல்லாது. ஃபைல்ஸ் கிளாஸின் டெலீட், கோப்பு இல்லையா, ஃபோல்டருக்குள் இன்னும் ஏதாவது இருக்கிறதா என்று வகை பிரித்து எக்ஸெப்ஷன் எழுப்பும். காரணம் சொல்கிறதுதான் எனக்கு வேண்டும். ஆனாலும் நோட்டுக்குள் எதையும் அழிப்பதில்லை என்று வைத்திருக்கிறேன். ஆர்டர் ரத்தானால் அதே ஆர்டர் எண்ணோடு 'ரத்து' என்று இன்னொரு வரி கீழே சேரும்; அத்தை நோட்டில் கோடு போட்டு அடித்தாலும் கீழே எழுதியது தெரிகிற மாதிரி, பழைய வரி அப்படியே இருக்கும். தொகையைத் திருத்தினாலும் இதே முறை. டெக்ஸ்ட் கோப்பின் நடுவில் ஒரு வரியை மட்டும் நீட்டவோ குறுக்கவோ முடியாது, முழுக் கோப்பையும் திரும்ப எழுத வேண்டும் என்பதால் இது வேலையையும் குறைக்கிறது.

இப்போது எழுதிக்கொண்டிருப்பது பென் டிரைவுக்கு நகல் எடுக்கும் மெத்தட். 'காப்பி' கூப்பிட்டதோடு விட எனக்கு விருப்பமில்லை. இரண்டு கோப்புகளையும் ஒப்பிட ஜாவா 12இல் 'மிஸ்மேட்ச்' என்று ஒரு மெத்தட் இருக்கிறது. கடையில் ஜாவா 8 என்பதால் அது கிடைக்காது. இரண்டையும் பைட்டுகளாகப் படித்து 'அரேஸ்' கிளாஸின் 'ஈக்வல்ஸ்' வைத்து ஒப்பிடுகிறேன். ஒத்துப்போகாவிட்டால் திரையில் சிவப்பில் தமிழிலேயே சொல்லிவிடும்.