பிள்ளையை ஜேர்மனிக்கு அனுப்பலாமா என்று கேட்பவர்களுக்கு

எங்கள் மூத்தவள் ஜேர்மனியில் ஒரு வீட்டில் தங்கி, அங்கத்தைய பள்ளிக்கூடத்துக்கே போய் வந்தாள் என்று தெரிந்ததிலிருந்து, பாரிஸ் லாச்சப்பலில் மரக்கறி வாங்கப் போனாலும் யாராவது ஒரு தாய் மறித்துக் கேட்கிறார்: "முன்னப்பின்ன தெரியாத ஆக்களின்ர வீட்டில பெட்டைப் பிள்ளையை எப்பிடி விட்டனீங்கள்?" தெருவில் நின்று சொல்லி முடிக்கிற கதை இல்லை இது. அதனால்தான் எழுதுகிறேன்.

திட்டத்தின் பெயர் பிரிஜித் சோஸே. பிரெஞ்சு ஜனாதிபதிகளுக்கு மொழிபெயர்ப்பாளராக இருந்து, பிறகு ஜேர்மன் சான்சலர் ஷ்ரோடருக்கு ஆலோசகராகப் போன ஒரு பெண்மணியின் பெயர் அது. 2003இல் காலமாகிவிட்டார். திட்டத்தை நடத்துவது ஓஃபாஜ் என்கிற பிரெஞ்சு-ஜேர்மன் இளைஞர் அலுவலகம். கத்ரியெம் (எட்டாம் வகுப்பு) தொடங்கிப் பிரெமியேர் (பதினோராம் வகுப்பு) வரை படிக்கிற பிள்ளை, ஜேர்மனியில் ஒரு பிள்ளையின் வீட்டில் இரண்டு மூன்று மாதம் தங்கி அதன் வகுப்பிலேயே இருந்து படிக்கும். பிறகு அந்தப் பிள்ளை இங்கே வந்து எங்கள் வீட்டில் அதேயளவு காலம் தங்கும். சாப்பாட்டுக்கோ தங்குவதற்கோ யாரும் யாருக்கும் காசு கொடுப்பதில்லை. பயணச் செலவுக்கு ஓஃபாஜ் ஒரு தொகை தருகிறது. அதற்குப் பிள்ளை தன் அனுபவத்தை ஒரு அறிக்கையாக எழுதிக் கொடுக்க வேண்டும்.

அனுப்புவதைவிட வாற பிள்ளையை ஏற்பதுதான் எங்களுக்குப் பெரிய யோசனையாக இருந்தது. பாரிஸ் புறநகர் லா கூர்நெவ்வில் ஏழாம் மாடி, இரண்டு படுக்கையறை, மாமியோடு சேர்த்து ஐந்து பேர். "வெள்ளைக்காரப் பிள்ளையை எங்க படுக்க விடுறது?" என்று இவர் கேட்டார். ஜேர்மன் படிப்பிக்கிற மதாம் எங்களைக் கூப்பிட்டு இருத்தி வைத்துச் சொன்னா: ஒரு கட்டில், படிக்க ஒரு மேசை, வீட்டுப் பிள்ளை போல நடத்துகிற ஆட்கள், இவ்வளவும் போதும் என்று. இரவு வேலை முடித்து வருகிற இவருக்காக அந்த மதாம் ஒரு காலை நேரத்தை ஒதுக்கித் தந்ததை நான் மறக்கமாட்டேன்.

எங்களுக்கு ஜேர்மனியில் ஆட்கள் இல்லாமலில்லை. சின்னம்மா குடும்பம் அங்கேதான். ஹம் காமாட்சி அம்மன் கோயில் தேருக்குப் போவோம், கலியாணங்களுக்குப் போவோம். இறங்கினால் கோயில், மண்டபம், மச்சாள்மாரின் வீடு, திரும்பி வரக் கார். சின்ன வயதிலிருந்து அத்தனை தரம் அந்த நாட்டுக்குப் போன என் மகள் ஒரு ஜேர்மன் குடும்பத்தோடு ஒரு வேளை சாப்பிட்டதில்லை. பல வீடுகளில் இதுதான் நிலைமை என்று நினைக்கிறேன். சொந்தக்காரர் இருக்கிறார்களே, அங்கே விடலாமே என்பவர்களுக்கு என் பதில் இதுதான்: சொந்தக்காரர் வீட்டில் விட்டால் பிள்ளை யாழ்ப்பாணத்துக்குத்தான் போய் வரும், ஜேர்மனிக்கு இல்லை.

அவள் போனது ஷ்டுட்கார்ட்டுக்குப் பக்கத்தில் இருக்கிற லுட்விக்ஸ்பூர்க். விளம்பரம் போட்டு, கடிதம் எழுதி, வீடியோவில் கதைத்து, தானாகக் கண்டுபிடித்த குடும்பம். ஊரின் பெயரைக் கேட்டவுடன் மதாமின் முகம் மலர்ந்தது. ஏன் என்று பிறகு நானே தேடிப் படித்தேன்.

1962 செப்டெம்பர் 9ஆம் திகதி, பிரெஞ்சு ஜனாதிபதி டு கோல் அந்த ஊர் அரண்மனை முற்றத்தில் நின்று ஜேர்மன் இளைஞர்களுக்கு ஜேர்மன் மொழியிலேயே பேசினார். இரண்டாம் உலக யுத்தம் முடிந்து 17 வருடம்தான் ஆகியிருந்தது. பேசியவர் முதலாம் உலகப் போரில் வேர்டனுக்குப் பக்கத்தில் ஜேர்மன்காரரிடம் பிடிபட்டு, யுத்தம் முடியும்வரை கைதியாக இருந்தவர். இரண்டாம் போரில் அவர்களை எதிர்த்து லண்டனிலிருந்து குரல் கொடுத்தவர். அந்த மனிதர் அந்தப் பிள்ளைகளைப் பார்த்து, நீங்கள் ஒரு பெரிய மக்களின் பிள்ளைகள் என்று சொன்னார். 1963 ஜனவரி 22ஆம் திகதி அவரும் ஜேர்மன் சான்சலர் அடனாவரும் பாரிஸில் எலிசே ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். பாதுகாப்பு, வெளியுறவு ஆகியவற்றோடு கல்வியும் இளைஞர்களும் அதில் ஒரு பகுதி. பிள்ளைகள் போய் வர ஒரு நிறுவனமும் அதற்கு இரண்டு நாடும் சேர்ந்து ஒரு பொது நிதியும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதினார்கள். அதே வருடம் ஜூலை 5ஆம் திகதி ஓஃபாஜ் பிறந்தது.

அந்த ஒப்பந்தத்தின் அரசியல் பகுதி அப்போதே சிக்கலில் மாட்டியது. ஜேர்மன் பாராளுமன்றம் அமெரிக்காவோடும் நேட்டோவோடும் உள்ள உறவை வலியுறுத்தி ஒரு முன்னுரையைச் சேர்த்தே அதை ஏற்றது, டு கோலுக்கு மனம் கசந்தது. பிள்ளைகளுக்கான பகுதி மட்டும் எந்தத் தலைவர் மாறினாலும் நின்றுபோகவில்லை. இன்றைக்குவரை 95 இலட்சத்துக்கு மேற்பட்ட இளைஞர்கள் அந்த அலுவலகத்தின் மூலம் போய் வந்திருக்கிறார்கள். இரண்டு அரசுகளும் சரி பாதியாகக் காசு போடுகின்றன. ஒரு அரசு செய்யக்கூடியது இதில் கொஞ்சம்தான்: ஒரு சட்டம், ஒரு அலுவலகம், ரயில் காசு. மிச்சத்தை அம்மாமாரும் அப்பாமாரும் படிப்பிக்கிற ஆட்களும் செய்கிறார்கள். ஆனால் அந்தக் கொஞ்சத்தை 60 வருடத்துக்கு மேலாக விடாமல் செய்தார்கள் பாருங்கள், அதற்குத்தான் நான் தலை வணங்குகிறேன். 1870, 1914, 1939 என்று ஒரு மனிதரின் ஆயுளுக்குள் மூன்று தரம் அடிபட்ட இரண்டு நாடுகள் இவை.

அவள் இலையுதிர்காலத்தில் போனாள். முதல் கிழமைகளில் தொலைபேசியில் வந்ததெல்லாம் சாப்பாட்டுக் கதைதான். "அம்மா, இங்க இரவில அடுப்பே எரியாது. பாணும் சீஸும் வெள்ளரிக்காயும்தான்." பிறகு ஒரு நாள், "அம்மா, பருப்பும் நூடில்ஸ் மாதிரி ஒண்டும் சேர்த்துத் தந்தவை, நான் ரெண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டனான்." அது அந்தப் பகுதியின் சாப்பாடாம், பருப்பும் ஷ்பெட்ஸ்லெவும். அந்தக் கட்டடத்தில் ஒவ்வொரு கிழமையும் ஒரு வீட்டுக்காரர் படிக்கட்டுக் கூட்ட வேண்டும். முறை வந்தால் கதவில் ஒரு பலகை தொங்கும். முறை வந்தபோது இவளும் விளக்குமாறு பிடித்தாளாம். எங்கள் வீட்டில் தன் கதிரையைக்கூட இழுத்து வைக்காதவள்.

பள்ளிக்கூடம் மத்தியானத்தோடு முடிந்துவிடும் நாட்கள் இருந்தன. வகுப்பில் கை உயர்த்திக் கதைத்தால்தான் புள்ளி. இங்கே 20க்கு எத்தனை என்று பார்க்கிற பிள்ளைக்கு, 1 என்றால் அதிசிறப்பு, 6 என்றால் மோசம் என்று பழகக் கொஞ்ச நாள் எடுத்தது. நடுவில் ஒரு கிழமை முழுக்க அழுதாள். யாரும் அவளை ஒன்றும் சொல்லவில்லை. வேகமாகக் கதைப்பது விளங்கவில்லை, பகிடிக்கு எல்லாரும் சிரிக்கும்போது இவள் மட்டும் சும்மா இருக்க வேண்டியிருந்தது. இவர் ரயிலுக்கு ரிக்கெற் பார்க்கத் தொடங்கிவிட்டார். நான் மறித்தேன். அகதியாக இங்கே வந்திறங்கிய காலத்தில் எங்களுக்கும் அப்படித்தானே இருந்தது. எங்களைக் கூப்பிட்டுப் போக யாரும் இருக்கவில்லை. அவளுக்கு நாங்கள் மூன்று மணித்தியாலச் சொச்ச ரயில் தூரத்தில் இருந்தோம். அடுத்த கிழமை அந்த வீட்டுப் பிள்ளையோடு பூசணிக்காய்க் கண்காட்சிக்குப் போன படங்கள் வந்தன. அரண்மனைப் பூங்காவில் வருடாவருடம் நடப்பது. பிறகு அழைப்புகள் குறைந்தன. எனக்கு அது கொஞ்சம் வலித்தாலும் நல்லதுதான்.

இனி நான் சொல்லப் போவது அவள் சொல்லி நான் நித்திரை இல்லாமல் கிடந்த விஷயம். ஜேர்மன் நகரங்களின் நடைபாதைகளில், வீடுகளுக்கு முன்னால், சின்னச் சதுரமாகப் பித்தளை பொதித்த கற்கள் பதித்திருக்கிறார்கள். அந்த வீட்டிலிருந்து நாசிகள் பிடித்துக்கொண்டு போனவர்களின் பெயர், பிறந்த வருடம், கொல்லப்பட்ட இடம். கூட நடந்த பிள்ளை குனிந்து வாசித்து இவளுக்கு விளங்கப்படுத்தியிருக்கிறது. அன்றைக்கு இரவு எடுத்துச் சொன்னாள்: "அம்மா, இவை தங்கட ஆக்கள் செய்ததைத் தாங்களே எழுதி ரோட்டில வச்சிருக்கினம். எங்கட ஊரிலயும் அப்பிடி இருக்கோ?"

என்ன சொல்வது? முள்ளிவாய்க்காலில் செத்தவர்களுக்காக யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் எழுப்பிய தூபி 2021 ஜனவரியில் இரவில் இடிக்கப்பட்டதைச் சொல்வதா? அல்லது, அப்படிக் கல் பதிப்பதென்றால் எங்கள் தெருக்களிலும் பதிக்க வேண்டிய கற்கள் உண்டு, 1990 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்து முஸ்லிம் குடும்பங்களைப் புலிகள் சில மணித்தியாலத்தில் வெளியேற்றினார்கள் என்று சொல்வதா? இரண்டையும் சொன்னேன். அவள் நெடுநேரம் கேள்வி கேட்டாள். நாட்டை விட்டு வரும்வரை என் வயதுச் சிங்களப் பிள்ளை ஒருத்தியோடு நான் ஒரு வார்த்தை கதைத்ததில்லை என்பதையும் அன்றைக்குத்தான் சொன்னேன். நான் கண்ட சிங்களவர்கள் சென்றிப் பொயின்ற்றில் நின்ற ஆமிக்காரர் மட்டும். மாத்தறையில் என் வயதில் இருந்த ஒருத்திக்கும் என்னைப் பற்றிக் குண்டு வெடித்த செய்தியைத் தவிர வேறொன்றும் தெரிந்திருக்காது.

ஓஃபாஜைப் பார்த்து மற்ற நாடுகளும் செய்திருக்கின்றன. 1991இல் ஜேர்மனியும் போலந்தும் ஒரு இளைஞர் அலுவலகம் அமைத்தன. 2016இல் சேர்பியா, கொசோவோ, பொஸ்னியா, அல்பேனியா, மொன்ரநீக்ரோ, மசிடோனியா ஆகியவை சேர்ந்து திரானாவைத் தலைமையிடமாக வைத்து ஒன்றைத் தொடங்கின. அங்கே யுத்தம் நடந்தது நாங்கள் ஓடிவந்த அதே தொண்ணூறுகளில்தான். கொசோவோவைத் தனி நாடாக சேர்பியா ஏற்கவே இல்லை, ஆனாலும் பிள்ளைகள் விஷயத்தில் ஒரே மேசையில் இருக்கிறார்கள். எங்கள் தீவில் நீதி வேண்டும், அதற்கு மாற்றாக நான் இதைச் சொல்லவில்லை. பிரான்ஸும் ஜேர்மனியும்கூட நாசித் தலைவர்கள் மீதான நூரன்பேர்க் விசாரணை நடந்த பிறகுதான் இந்த இடத்துக்கு வந்தன. ஆனால் வல்வெட்டித்துறைப் பிள்ளை ஒன்று தங்காலையில் ஒரு வீட்டில் மூன்று மாதம் தங்கிப் படித்து, அந்த வீட்டுப் பிள்ளை வடக்கே வந்து படிக்கிற காலத்தை என் கண்ணால் பார்க்க ஆசைப்படுகிறேன்.

வசந்தத்தில் ஜேர்மன் பிள்ளை வந்தாள். தாயும் தகப்பனும் தாங்களே கூட்டிக்கொண்டு வந்தார்கள். எங்கள் பகுதியைப் பற்றித் தொலைக்காட்சியில் காட்டுவதெல்லாம் எரிகிற கார்கள்தானே, அவர்களுக்கும் பயம் இருந்திருக்கும். இடியப்பமும் சொதியும் சாப்பிட்டு, பெட்டியை உள்ளே வைத்து, மகளை எங்களிடம் விட்டுவிட்டுப் போனார்கள். தங்கள் ஒரே பிள்ளையை. நாங்கள் அவர்களை நம்பியதைப் பற்றி எல்லாரும் கேட்கிறார்கள்; அவர்கள் எங்களை நம்பியதைப் பற்றி யாரும் கேட்பதில்லை.

அவள் காலையில் எழும்பியவுடன் எல்லா யன்னலையும் அகலத் திறந்துவிடுவாள், காற்று மாற வேண்டுமாம். மாமி சால்வையைத் தலையோடு போர்த்திக்கொண்டு குசினிக்குள் போயிருப்பா, ஆனால் ஒரு நாளும் மூடச் சொன்னதில்லை. பின்னேரம் ஐந்தரைவரை லிசே (இங்கத்தைய உயர்பள்ளி) என்பதை அவளால் நம்ப முடியவில்லை. வகுப்பில் மாலி, அல்ஜீரியா, சீனா என்று எல்லா ஊர்ப் பிள்ளைகளும். பிரான்ஸ் என்றால் ஈபிள் கோபுரம் என்று படித்து வந்தவள் எங்கள் பிரான்ஸைப் படித்துக்கொண்டு போனாள். ஒரு கிழமைக்கு வகுப்பே பஸ்ஸில் ஏறிப் போய், தங்களுக்குள் பிரெஞ்சிலேயே கதைத்துவிட்டுத் திரும்புகிற சுற்றுலாக்களும் நடக்கின்றன. வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஆனால் ஒரு வீட்டின் படிக்கட்டைக் கூட்டி, அந்த வீட்டுக் குளிரைத் தாங்கி வருவது வேறு.

2003இல் பெர்லினில் இரண்டு நாட்டு மாணவர்களும் கூடிய இளைஞர் பாராளுமன்றம், எங்கள் இருவருக்கும் ஒரே வரலாற்றுப் புத்தகம் வேண்டும் என்று கேட்டது. 2006இல் அதன் முதல் பாகம் வெளிவந்தது. பிள்ளைகள் கேட்டு அரசுகள் செய்த வேலை. என் மகளின் மதாம் அதில் ஒரு பிரதி வைத்திருக்கிறா.

எனக்கு ஒரு மனக்குறையும் உண்டு. எங்கள் பகுதிப் பிள்ளைகள் இதில் மிகக் குறைவு. ஜேர்மன் கெட்டிக்காரப் பிள்ளைகள் எடுக்கிற பாடம் என்று ஒரு பேச்சு, அதனால் எங்கள் பிள்ளைகளை ஸ்பானிஷ் பக்கம் தள்ளிவிடுகிறார்கள். வாய்ப்புக் குறைந்த பிள்ளைகளைச் சேர்க்க வேண்டும் என்று ஓஃபாஜ் வெளிப்படையாகவே சொல்கிறது, அதற்கென்று உதவியும் வைத்திருக்கிறது. அந்தச் செய்தி ஏழாம் மாடிக்கு வந்து சேர்வதில்லை. எனக்குத் தெரிந்த ஒரு தாய் பள்ளிக்கூடத்தில் விசாரித்தபோது, இங்கே யாரும் அதைச் செய்வதில்லை என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்.

அதனால், நீங்களே கேளுங்கள். ஆறாம், ஏழாம் வகுப்பில் பிள்ளைக்கு மொழி தெரிவு செய்யும்போதே ஜேர்மனைப் பற்றி யோசியுங்கள். படிப்பிக்கிற ஆசிரியரிடம் நேரே பிரிஜித் சோஸே என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். பள்ளிக்கூடத்துக்கு ஜேர்மனியில் கூட்டுப் பள்ளி இல்லாவிட்டால், ஓஃபாஜ் தளத்தில் பிள்ளைகள் போடுகிற விளம்பரங்கள் இருக்கின்றன. இரண்டு குடும்பமும் முகம் பார்த்துக் கதைக்காமல் சம்மதிக்க வேண்டாம். என்ன சாப்பிடும், எத்தனை மணிக்குப் படுக்கும், ஒவ்வாமை என்ன என்று வெட்கப்படாமல் கேளுங்கள், அவர்களும் கேட்பார்கள். ஐரோப்பிய மருத்துவக் காப்புறுதி அட்டை இலவசம், அமெலி என்கிற பிரெஞ்சு மருத்துவக் காப்புறுதித் தளத்தில் முன்கூட்டியே எடுத்து வையுங்கள். படிவம் விளங்காவிட்டால் எனக்கு எழுதுங்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் வீட்டில்தான், சேர்ந்து நிரப்புவோம்.