வற்றல் காய்ந்த சித்திரை

பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு முடிந்ததிலிருந்து என் மகன் சாப்பாட்டு நேரத்துக்கு மட்டுமே அறையை விட்டு வெளியே வந்தான். "பரீட்சை எப்படி எழுதினாய்?", "எந்த குரூப் எடுக்கப் போகிறாய்?" என்ற இரண்டு கேள்விகளைத் தவிர அவனிடம் கேட்க எங்களிடமும் எதுவும் இல்லாமல் போயிருந்தது. ஒரே கூரையின் கீழ் இருந்தோம்; சேர்ந்து இருந்தோம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

படிக்கிற பிள்ளையை வேலை ஏவக்கூடாது என்று நம் வீடுகளில் ஒரு வழக்கம் இருக்கிறது. அன்பினால்தான் அப்படிச் செய்கிறோம். ஆனால் தட்டைக்கூடக் கழுவ வேண்டாம், உறவினர் வீட்டு விசேஷத்துக்கும் வர வேண்டாம் என்று ஒவ்வொன்றாக விலக்கி விலக்கி, அவர்களை நம் வீட்டிலேயே விருந்தாளிகளாக்கிவிடுகிறோம் என்பதே என் வருத்தம்.

அந்தச் சமயத்தில்தான் திருநெல்வேலியிலிருந்து அம்மா வந்திருந்தார். சித்திரை வெயிலைக் கண்டதும் கூழ் வற்றல் போட வேண்டும் என்றார். "ஐயா, ஆச்சிக்கு முட்டு வலிக்கு. நீதான் குண்டானைத் தூக்கிட்டு மாடிக்கு வரணும்" என்று பேரனை அழைத்தபோது அவனால் மறுக்க முடியவில்லை. அந்த வேலைக்கு அவன் உண்மையாகவே தேவைப்பட்டான்.

பச்சரிசி மாவும் ஜவ்வரிசியும் சேர்த்துக் காய்ச்சி, பச்சை மிளகாய் விழுதும் சீரகமும் எலுமிச்சைச் சாறும் கலந்த கூழை, காலை ஆறரை மணிக்கு ஈர வேட்டியை மொட்டை மாடியில் விரித்து அவன் கரண்டி கரண்டியாக ஊற்றினான். முதல் வரிசை கோணலாகப் போயிற்று. மூன்றாவது வரிசையில் கை பழகிவிட்டது. பிறகு தண்ணீர்த் தொட்டி நிழலில் இருவரும் காக்கைக்குக் காவல் இருந்தார்கள். அப்போதுதான், தாத்தா முதல் தடவை எஸ்.எஸ்.எல்.சி.யில் கணக்கில் தவறியதையும், இரண்டு நாள் வீட்டுக்கு வராமல் ஆற்றங்கரை மண்டபத்தில் படுத்துக் கிடந்ததையும், மறுபடி எழுதித் தேறியதையும் அம்மா சொல்லியிருக்கிறார். 1978இல் மேல்நிலைக் கல்வி வருவதற்கு முன்பு பதினோராம் வகுப்பில் எழுதிய தேர்வு அது. நானே கேட்டிராத கதை.

அன்று சாயங்காலம், வேட்டியின் பின்புறம் தண்ணீர் தெளித்து வற்றலை உரித்துக்கொண்டிருந்தபோது, கணக்குத் தேர்வில் இரண்டு பெரிய கேள்விகளை விட்டுவிட்டதாக அவன் ஆச்சியிடம் சொன்னான். மூன்று வாரங்களாக எங்களிடம் மறைத்ததை, கை வேலையாக இருந்ததால், யார் முகத்தையும் பார்க்காமல் சொல்ல முடிந்திருக்கிறது.

பதின்ம வயதுப் பிள்ளைகளே, வீட்டாரோடு நேரம் செலவிடுங்கள் என்று நான் கேட்பது, எதிரெதிரே உட்கார்ந்து விசாரணைக்கு உட்படுங்கள் என்பதற்காக அல்ல. உங்கள் தோல்வி இந்தக் குடும்பத்தில் முதலாவது அல்ல என்பதைச் சொல்ல வீட்டில் ஆள் இருக்கிறது. அவர்களுக்கு வயதாகிக்கொண்டும் இருக்கிறது.

பெற்றோர்களிடமும் ஒன்று சொல்ல வேண்டும். பருவ வயதில் உறக்கத்தைத் தூண்டும் மெலட்டோனின் இரவில் தாமதமாகவே சுரக்கத் தொடங்குகிறது. நாம் கண் சொக்கும் நேரத்தில்தான் அவர்களுக்குப் பேச்சு வருகிறது.

நேற்று இரவு பதினோரு மணிக்கு அவன் சமையலறைக்கு வந்து, நான்கு வற்றல் பொரித்துத் தரச் சொன்னான். எண்ணெய் காய்வதற்குள் தன் நண்பனைப் பற்றி ஏதோ சொல்லத் தொடங்கினான். நான் அடுப்பைச் சிறிதாக்கினேன்.