கிணற்று நீரைச் சேர்ந்து சோதித்தோம்: பல்கலைக்கழகத்துடன் எங்கள் பாடசாலையின் இரண்டு ஆண்டுகள்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் வலிகாமத்தில் உள்ள ஒரு மாகாணப் பாடசாலையில் உயர்தர வகுப்புக்கு இரசாயனவியல் கற்பிக்கிறேன். இரண்டு ஆண்டுகளாக எங்கள் தரம் 12 மாணவர்களும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விஞ்ஞான பீடத்தின் இறுதியாண்டு மாணவர்கள் சிலரும் சேர்ந்து எங்கள் ஊர்க் குடிகிணறுகளின் நீரைச் சோதித்து வருகிறார்கள். இதை எப்படித் தொடங்கினீர்கள், யாரிடம் அனுமதி பெற்றீர்கள், பெற்றோர் சம்மதித்தார்களா என்று வேறு பாடசாலைகளின் ஆசிரியர்கள் கேட்டுக்கொண்டே இருப்பதால், நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

முதல் முயற்சி பயனற்றுப் போனது. அதற்கு முந்தைய ஆண்டில், உயர்தர மாணவர்களுக்கு ஒரு வழிகாட்டல் கருத்தரங்கு நடத்தித் தருமாறு அதிபர் ஊடாகக் கடிதம் அனுப்பியிருந்தோம். விரிவுரையாளர்கள் வந்தார்கள், நன்றாகவே பேசினார்கள், மாலை போட்டோம், படம் எடுத்தோம். மறுநாள் காலையில் எங்கள் ஆய்வுகூடம் எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது. வந்தவர்களைக் குறை சொல்ல எதுவும் இல்லை. நாங்கள் கேட்டது ஒரு நாள், அவர்கள் தந்ததும் ஒரு நாள். நாங்கள் கையேந்தும் இடத்தில் நின்றுகொண்டு கேட்டோம் என்பதும், எங்களிடம் கொடுப்பதற்கு என்ன இருக்கிறது என்று ஒரு கணமும் யோசிக்கவில்லை என்பதும் எனக்குப் பின்னர்தான் விளங்கியது.

கொடுப்பதற்கு என்ன இருக்கிறது என்பது தற்செயலாகவே தெரியவந்தது. ஆசிரியர்களுக்கான ஒரு பயிற்சிப் பட்டறையில் அருகில் இருந்த விரிவுரையாளர் ஒருவர், தம் மாணவர்களின் ஆய்வில் உள்ள இடர்ப்பாட்டைச் சொன்னார். மழைக்கு முன்னும் பின்னும் ஒரே கிணற்றிலிருந்து மாதிரி எடுக்க வேண்டும். தோட்டக் கிணறுகள் எளிது, ஆனால் குடிகிணறுகளுக்கு முன்பின் தெரியாதவர்கள் போத்தலோடு போய் நின்றால் வீட்டுக்காரர் ஒருமுறை விடுவார்கள், இரண்டாம் முறை கேள்வி கேட்பார்கள். என் வகுப்பில் முப்பத்தாறு பிள்ளைகள் இருக்கிறார்கள், முப்பத்தாறு வீடுகளிலும் கிணறு இருக்கிறது என்றேன். அவர் தம் குறிப்பேட்டை எடுத்தார். எங்கள் கூட்டுவேலை அந்த இடத்தில் தொடங்கியது.

யாழ்ப்பாணத்துக்கு இந்த நெருக்கம் புதிதும் அல்ல. 1974இல் இங்கே உயர்கல்வி வளாகம் தொடங்கப்பட்டபோது, சேர் பொன்னம்பலம் இராமநாதன் நிறுவிய பரமேஸ்வராக் கல்லூரியின் நிலத்திலும் கட்டடங்களிலுமே திருநெல்வேலியில் அது இயங்கத் தொடங்கியது. விஞ்ஞானப் பிரிவு முதலில் வட்டுக்கோட்டையில் யாழ்ப்பாணக் கல்லூரியோடு சேர்ந்த இடத்தில் இருந்தது. 1979இல் தனிப் பல்கலைக்கழகமான பின்பும் எங்கள் ஊரார் அதைக் ‘கம்பஸ்’ என்றே சொல்கிறார்கள். பாடசாலைகள் இடம் கொடுத்து வளர்ந்த நிறுவனத்தின் வாசலுக்கு ஒரு பாடசாலை தயங்கித் தயங்கிப் போக வேண்டியதில்லை என்பது என் எண்ணம்.

அனுமதி பெற ஒரு தவணை முழுவதும் சென்றது. எங்கள் பக்கத்தில் அதிபர், கோட்டக் கல்வி அலுவலகம், வலயக் கல்வி அலுவலகம் என்ற வரிசை. அவர்கள் பக்கத்தில் துறைத்தலைவர், பீடாதிபதி, பீடச்சபை என்ற வரிசை. எங்கள் முதல் விண்ணப்பம் ஓர் அலுவலகத்திலிருந்து திரும்பி வந்தது. மாணவர்களை வெளியே அழைத்துச் செல்வதாக எழுதிய நான், எத்தனை ஆசிரியர்கள் கூடச் செல்வார்கள், எந்த வாகனம், எத்தனை மணிக்குத் திரும்புவார்கள், பெற்றோரின் எழுத்துமூலச் சம்மதம் எங்கே என்ற எதையும் இணைக்கவில்லை. அவற்றை இணைத்து, மாணவிகளோடு ஓர் ஆசிரியை கட்டாயம் செல்வார் என்றும் எழுதிய பின்னர் கடிதம் நகர்ந்தது. முழுப் பல்கலைக்கழகத்தின் பெயரில் ஒரு புரிந்துணர்வு ஒப்பந்தம் செய்யலாம் என்று சிலர் சொன்னார்கள். அது மூதவை, பேரவை என்று மேலே போக வேண்டிய விடயம்; ஓராண்டு வேலைக்கு அவ்வளவு பெரிய கடதாசி தேவையில்லை. அதிபரும் துறைத்தலைவரும் கையொப்பமிட்ட இரண்டு பக்கக் கடிதத்தோடு தொடங்கினோம். அதில் யார் என்ன செய்வது, எந்தப் பொருளை யார் தருவது, முடிவுகளை யார் எப்படிச் சொல்வது என்ற மூன்றும் மட்டுமே இருந்தன.

அனுமதியைவிடக் கடினமாக இருந்தது நேரம். பாடசாலைக்கு மூன்று தவணைகள், பல்கலைக்கழகத்துக்கு அரையாண்டுப் பருவங்கள். எங்களுக்குத் தவணைப் பரீட்சை வரும்போது அவர்களுக்குச் செய்முறை வகுப்பு, அவர்களுக்குப் பரீட்சை வரும்போது எங்களுக்கு விளையாட்டுப் போட்டி. இதற்கு மேலே ரியூட்டறி இருக்கிறது. பின்னேரமும் சனி, ஞாயிறும் பிள்ளைகள் தனியார் வகுப்புகளில் இருப்பார்கள் என்பதை விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் கணக்கில் எடுத்தே ஆக வேண்டும். இரண்டு பக்க நாட்காட்டிகளையும் ஆசிரியர் அறை மேசையில் விரித்து வைத்துப் பார்த்தபோது, இருவருக்கும் பொருந்திய வாரங்கள் ஆண்டில் ஒன்பதுதான். அந்த ஒன்பதையும் பங்குனியிலேயே சிவப்பு மையால் குறித்தோம். பின்னர் எந்தக் கூட்டத்துக்காகவும் அவற்றை விட்டுக்கொடுக்கவில்லை.

மாதிரி எடுக்கும் நாளையும் வேதியியலே தீர்மானித்தது. உரத்திலிருந்தும் கழிவிலிருந்தும் கிணற்றில் கலக்கும் நைத்திரேற்றை அளப்பதற்கான நீரைக் குளிரில் வைத்து நாற்பத்தெட்டு மணித்தியாலத்துக்குள் பகுப்பாய்வு செய்துவிட வேண்டும்; பிந்தினால் போத்தலுக்குள் இருக்கும் நுண்ணங்கிகளே செறிவை மாற்றிவிடும். ஆகவே வெள்ளிக்கிழமை எடுக்க முடியாது, திங்களும் செவ்வாயும் மட்டுமே சரி. பிள்ளைகள் காலை ஆறு மணிக்குத் தத்தம் வீட்டுக் கிணற்றில், முதலில் சில வாளி நீரை இறைத்து ஊற்றிவிட்டு, கழுவிய பொலித்தீன் போத்தலை அதே நீரால் மூன்று முறை அலசி நிரப்பி, கிணற்றின் ஆழம், அருகில் உள்ள தோட்டம், மலசலகூடக் குழிக்கான தூரம் ஆகியவற்றை எழுதிய சீட்டோடு பாடசாலைக்குக் கொண்டுவருவார்கள். எட்டு மணிக்கு முன் பல்கலைக்கழக மாணவர் ஒருவர் ஐஸ் பெட்டியோடு வந்து எடுத்துச் செல்வார்.

பெற்றோர் கூட்டத்தில் ஒரு தந்தை எழுந்து, “இதாலை பிள்ளையின்ரை இசட் புள்ளி கூடுமோ ரீச்சர்?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. பல்கலைக்கழக அனுமதி இசட் புள்ளியால் தீர்மானிக்கப்பட்டு, மாவட்டத்துக்கு மாவட்டம் வெட்டுப்புள்ளி வேறுபடும் நாட்டில், பிள்ளையின் ஒவ்வொரு மணித்தியாலத்தையும் எண்ணித்தான் பெற்றோர் செலவிடுகிறார்கள். கூடும் என்று நான் வாக்குக் கொடுக்கவில்லை. நியமிப்பும் (செறிவு தெரிந்த கரைசலைத் துளித்துளியாகச் சேர்த்து அளவு காணும் முறை) மூல் கணிப்பும் நைதரசன் வட்டமும் பாடத்திட்டத்தில் இருப்பவை, அவற்றை உங்கள் பிள்ளை உங்கள் கிணற்று நீரில் செய்யப் போகிறார், தவணைக்கு மூன்று நாட்களுக்கு மேல் கேட்க மாட்டேன் என்று மட்டும் சொன்னேன். அந்த எல்லையை இன்றுவரை மீறவில்லை. வாகனச் செலவைப் பழைய மாணவர் சங்கம் ஏற்றது.

முதல் கூட்டுச் செய்முறை குளோரைட்டு நியமிப்பு. வெள்ளிநைத்திரேற்று விலை கூடியது என்பதால் எங்கள் ஆய்வுகூடத்தில் அதைத் துளித்துளியாகத்தான் காட்டுவோம். இப்போது துறை கொண்டுவந்து தந்தது, நியமிப்பில் காட்டியாகச் சேர்க்கும் நச்சுக் குரோமேற்றின் கழிவைச் சாக்கடையில் ஊற்றாமல் தனிப் போத்தலில் திரும்ப எடுத்தும் சென்றது. அன்று எதிர்பாராத ஒரு தடங்கல் வந்தது. பல்கலைக்கழகத்தில் விஞ்ஞானம் ஆங்கிலத்தில் கற்பிக்கப்படுவதால், வந்த அண்ணாமாருக்கும் அக்காமாருக்கும் ஆங்கிலச் சொற்களே வாயில் வந்தன. என் மாணவர்களுக்கோ அளவியும் குழாயியும் ஒட்சியேற்றமுமே தெரியும். ஒரு மாணவி கரும்பலகையை இரண்டாகப் பிரித்து, ஒரு பக்கம் தமிழும் மறு பக்கம் ஆங்கிலமுமாக எழுதத் தொடங்கினாள். அந்தப் பட்டியல் இன்று நான்கு பக்கமாக வளர்ந்து ஆய்வுகூடச் சுவரில் இருக்கிறது. இரண்டு ஆண்டுகளில் இந்தப் பிள்ளைகள் அதே ஆங்கில வகுப்பறைக்குள் நுழையப் போகிறவர்கள் என்பதை நினைக்கும்போது, இந்த முழு வேலையிலும் மிகப் பயன்பட்டது அந்தப் பட்டியல்தானோ என்று எனக்குத் தோன்றுகிறது.

இனி, நான் மிகுந்த கவலையோடு நினைவுகூரும் நாளைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை. ஐப்பசி தொடக்கம் மார்கழி வரை பெய்யும் மழை செம்மண்ணூடாகச் சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளில் இறங்கித்தான் எங்கள் கிணறுகளில் நீர் ஊறுகிறது. அதே வழியால் வெங்காயத் தோட்டத்து யூரியாவும் மலசலகூடக் குழியின் கழிவும் இறங்குகின்றன. உலக சுகாதார நிறுவனம் குடிநீரில் நைத்திரேற்றுக்கு வைத்துள்ள வழிகாட்டல் அளவு லீற்றருக்கு 50 மில்லிகிராம். அதற்கு மேலே போனால், புட்டிப்பால் குடிக்கும் சிறு குழந்தைகளின் குருதி ஒட்சிசனைக் காவும் ஆற்றலை இழக்கலாம். குழந்தை நீலம் பாரிக்கும். இந்த நீரைக் கொதிக்க வைத்துப் பயனில்லை. நைத்திரேற்று ஆவியாகாது, நீர் குறையக் குறையச் செறிவு கூடவே செய்யும்.

முதல் தொகுதி முடிவுகள் வந்த வாரத்தில், அந்த அட்டவணையை எங்கள் பக்கத்தில் ஒரு பெரிய தாளில் படியெடுத்தோம். ஒரு மாணவனின் வீட்டுக் கிணற்றுக்கு நேரே 12.4 என்று இருந்தது. 50க்கு வெகு கீழே, நல்ல தண்ணீர் என்று வகுப்பே மகிழ்ந்தது. அந்த வீட்டில் அவனுடைய அக்காவின் நான்கு மாதக் குழந்தை இருந்தது. அவன் மட்டும் மகிழவில்லை. காலையில் சோதனைத் தாளை நனைத்துப் பார்த்தபோது நிறம் 50க்கு உரிய கட்டத்தைத் தொட்டு நின்றதே என்றான். சோதனைத் தாள் திருத்தமானதல்ல என்று நான் சொல்ல வாயெடுத்து, பின்னர் மூலத் தாளை எடுத்துப் பார்த்தேன். அதன் தலைப்பில் ‘நைத்திரேற்று நைதரசன்’ என்று இருந்தது. அந்த எண்கள் முழு நைத்திரேற்றை அல்ல, அதில் உள்ள நைதரசனை மட்டுமே குறித்தன; 50 என்ற எல்லையோ முழு நைத்திரேற்றுக்கு உரியது. நாங்கள் படியெடுத்தபோது இரண்டாவது சொல்லை விட்டுவிட்டோம்.

அவனையே கரும்பலகைக்கு அழைத்தேன். நைத்திரேற்று அயனின் மூலர்த்திணிவு 62, அதில் நைதரசன் 14. 62ஐ 14ஆல் வகுத்தால் 4.43. நைதரசனாகச் சொன்ன 12.4ஐ 4.43ஆல் பெருக்கினால் கிட்டத்தட்ட 55. வகுப்பில் ஒருவரும் பேசவில்லை. பாடத்தில் நூறு முறை செய்த கணிப்பு ஒரு குழந்தையின் பால் போத்தலுக்குள் போய் நின்றதை அவர்கள் அனைவரும் பார்த்தார்கள். பல்கலைக்கழகத்துக்குத் தொலைபேசி எடுத்தேன். அன்றே மாதிரியை மீண்டும் எடுத்து மறுநாள் சோதித்துத் தந்தார்கள். அதே விடைதான்.

அந்த முடிவை வீட்டுக்கு எப்படிச் சொல்வது என்பதைத்தான் எங்கள் இரண்டு பக்கக் கடிதம் முன்கூட்டியே தீர்மானித்திருந்தது. முதலில் வீட்டுக்காரருக்கு, அதுவும் பிள்ளையின் வாயால் அல்ல. ஆசிரியரும் விரிவுரையாளரும் நேரே போய்ச் சொல்ல வேண்டும், அவர்கள் சம்மதித்தால் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு அறிவிக்க வேண்டும், ஆய்வறிக்கையில் கிணறு எந்த வீட்டுக்குரியது என்பது தெரியக்கூடாது. நாங்கள் போனபோது அம்மம்மா, “கொதிக்க வைச்சு ஆறவிட்டுத்தானே பிள்ளைக்குக் குடுக்கிறம்” என்றார். ஏன் அது போதாது என்பதை விரிவுரையாளர் ஒரு பானை, ஓர் அகப்பை உப்பு என்று அடுக்களைப் பொருள்களை வைத்தே விளக்கினார். உப்புப் போட்ட நீரைக் கொதிக்க வைத்தால் உப்பு எங்கே போகும் என்று கேட்டதும் அவருக்கு விளங்கிவிட்டது. குழந்தைக்கு மட்டும் வேறு இடத்து நீரைப் பயன்படுத்த அன்றே ஒழுங்கு செய்தார்கள்.

அதன் பின் கடிதத்தில் நான்காவது விடயம் ஒன்று சேர்ந்தது: அலகும் அயனின் பெயரும் முழுமையாக எழுதப்படாத எந்த எண்ணும் இரு பக்கத்திலும் கைமாறக்கூடாது; இரு பக்கமும் ஒப்பமிடாத எந்த முடிவும் வீட்டுக்குப் போகக்கூடாது.

இரண்டாம் ஆண்டு பெரிதும் சிரமம் இல்லாமல் நடந்தது. மாணவர்களை இரு குழுக்களாகப் பிரித்துப் பல்கலைக்கழக ஆய்வுகூடத்துக்கு அழைத்துச் சென்றோம். 220 நனோமீற்றர் அலைநீளத்தில் நைத்திரேற்று ஒளியை உறிஞ்சுவதையும், சேதனப் பொருள்களுக்காக 275இல் திருத்தம் செய்வதையும் கருவியின் முன் நின்று பார்த்தார்கள். முந்தைய ஆண்டில் ஐஸ் பெட்டியோடு வந்த மாணவிக்கு எங்கள் கிணறுகள் தந்த தரவே இறுதியாண்டு ஆய்வாயிற்று. அதை அவர் எங்கள் மண்டபத்தில், வீட்டுக்காரர்களை முன்வரிசையில் இருத்தி, தமிழில் ஒருமுறை சமர்ப்பித்தார். பல்கலைக்கழகத்தில் செய்ததைவிட இங்கேதான் கேள்விகள் கடினமாக இருந்தன என்று என்னிடம் சொன்னார். தோட்டக்காரர் ஒருவர், எந்த மாதத்தில் எவ்வளவு யூரியா போட்டால் வெங்காயமும் விளையும், கிணறும் தப்பும் என்று கேட்டிருந்தார். அதற்கு அன்று எவரிடமும் பதில் இல்லை. கிளிநொச்சி அறிவியல் நகரில் உள்ள விவசாய பீடத்திடம் கேட்பது என்று முடிவாகி, இப்போது அந்தக் கடிதத்தை எழுதிக்கொண்டிருக்கிறோம்.

இந்த வருட முடிவில் எனக்கு இடமாற்றம் வரலாம். கூட்டுவேலை ஓர் ஆசிரியரின் தொலைபேசி எண்ணில் தங்கியிருந்தால் அவரோடு அது போய்விடும் என்ற அச்சம் எனக்கு உண்டு. அதனால் உயிரியல் ஆசிரியையும் துறையின் இளம் விரிவுரையாளர் ஒருவரும் இந்தத் தவணையிலிருந்தே எல்லாக் கடிதங்களிலும் என்னோடு சேர்ந்து ஒப்பமிடுகிறார்கள். கிணற்றுச் சீட்டுகள், சம்மதப் படிவங்கள், குறித்த நாட்காட்டி எல்லாம் ஆய்வுகூடத்தின் இரண்டாவது அலுமாரியில் ஒரே கோப்பில் இருக்கின்றன. மழைக்கு முந்தைய மாதிரி புரட்டாதியின் முதல் செவ்வாய்க்கிழமை எடுக்கப்பட வேண்டும். போத்தல்களைக் கழுவிக் காயவைக்கும் பொறுப்பு இம்முறை தரம் 12இன் புதிய பிள்ளைகளுக்கு.