அந்த ஜாய்ஸ்டிக் கிளிக் சத்தம் இருக்கே!

கமடோர் 64 பத்தி பேச ஆரம்பிச்சா எனக்கு நிறுத்தவே வராது. 1982ல வந்த வீட்டு கம்ப்யூட்டர், மெமரி 64 கேபி, ஆன் பண்ணதும் 38911 பைட் தான் ஃப்ரீனு நீல ஸ்க்ரீன்ல காட்டும், இப்ப வாட்ஸ்அப்ல வர்ற குட் மார்னிங் படம் ஒண்ணு கூட அதுக்குள்ள அடங்காது. ஆனா அந்த மெஷினுக்குள்ள முழு கேமையும் மியூசிக்கோட சேத்து எழுதிட்டாங்க பாருங்க! அதுல சத்தம் போடுறது பாப் யானஸ் டிசைன் பண்ண சிட் (SID) சிப், ஒரே நேரத்துல மூணே மூணு வாய்ஸ் தான், அத வெச்சு கேம் மியூசிக் போட்ட ராப் ஹப்பர்ட் பாட்டெல்லாம் இன்னிக்கு ஹெட்ஃபோன்ல கேட்டாலும் சும்மா அதிரும்.

எனக்கு உசுரு ஜாய்ஸ்டிக் தான். மைக்ரோஸ்விட்ச், அதாவது அழுத்தினா கிளிக்னு சத்தம் போடுற குட்டி ஸ்விட்ச், வெச்ச காம்பெடிஷன் ப்ரோ மாடல், கறுப்பு பாடி, செவப்பு குண்டு, ரெண்டு பெரிய செவப்பு பட்டன். கழட்டிப் பாத்தா உள்ள பெருசா ஒண்ணுமே இருக்காது, நாலு திசைக்கு நாலு ஸ்விட்ச், ஃபயருக்கு தனியா, குச்சிய சாய்ச்சா அந்தப் பக்க ஸ்விட்ச் டக்குனு கிரவுண்ட் வயரோட சேரும், கம்ப்யூட்டர் அந்த பிட் பூஜ்யம் ஆச்சானு பாக்கும், அவ்ளோதான் மேட்டர். இவ்ளோ சிம்பிளா இருந்ததால தான் 1977ல அடாரி கொண்டுவந்த ஒன்பது பின் கனெக்டரே கமடோர் 64, அதுக்கப்புறம் வந்த அமிகா கம்ப்யூட்டர் வரைக்கும் ஓடுச்சு.

இப்ப இந்த ஜாய்ஸ்டிக்கோட யூஎஸ்பி மாடல் வாங்குறவங்க உள்ள மைக்ரோஸ்விட்ச் இருக்கானு கேட்டுட்டு வாங்குங்க, ரப்பர் வெச்சதுல அந்த கிளிக் வரவே வராது. அப்புறம் எமுலேட்டர்ல, அதாவது இன்னிக்கு கம்ப்யூட்டர்ல பழைய மெஷின் மாதிரியே ஓடுற சாஃப்ட்வேர்ல, ஜாய்ஸ்டிக்குக்கு போர்ட் 2 செலக்ட் பண்ணிக்கோங்க, நெறைய கேம் அதுல தான் வேலை செய்யும்.